மேட்டுக்காட்டு மண்ணும் மேச்சேரி ஆடுகளும்

பனமரத்துப்பட்டி,
ஆடி இரண்டாம் வாரம்.

இதனால் சகலமானவர்களுக்கும், முக்கியமாகச் சத்தீஸ்கரில் போர்வெல் ரிக் வண்டியில் நின்று ஊரார் நிலத்துக்கெல்லாம் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும் என் அண்ணன் கதிர்வேலுக்கும், ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் கிடாய் மேனேஜர், சென்ற செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் அப்பாவின் புதுப் பச்சைத் துண்டைத் தின்றுவிட்டது. கரை மட்டும் மீட்கப்பட்டது. கிடாய் நலம். துண்டுக்கு இரங்கல் கூட்டம் வைக்கலாமா என்று கேட்டேன், அப்பா சிரிக்கவில்லை. இந்த வருசம் அது கண்ணால் கண்ட பச்சை அது ஒன்றுதான், திங்காமல் என்ன செய்யும் என்று அம்மா சொன்னாள், அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

அன்பு மகனுக்கு அப்பாவும் அம்மாவும் எழுதுவது. சொல்வதுதான் அவர்கள், எழுதுவது உன் தம்பி கௌசிக். அப்பாவின் வலது உள்ளங்கையில் ஆட்டுப் பட்டி அடைக்கும் படலின் முள் ஏறிப் பழுத்துக் கட்டுப் போட்டிருக்கிறது, பேனா பிடிக்க முடியாது. உன் ரிக் நிற்கும் காட்டில் டவர் இல்லை, நீ எப்போதாவது டவுனுக்கு வந்து கூப்பிடும் இரண்டு நிமிடத்தில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதற்கு மேல் பேச முடிவதில்லை, அதனால் உங்கள் வண்டிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வரும் தண்டாயுதபாணி அண்ணன் லாரியில் முறுக்கு டின்னோடு இதையும் கொடுத்துவிடுகிறோம். அப்பா முதலில் எழுதச் சொன்னது, "நாங்க இங்க இருக்கறோம், நீ அங்க நல்லா இருக்கோணும் சாமி, நேரத்துக்குத் திங்கோணும், கம்ப்ரசர் பக்கத்துல நிக்கறப்ப காதுக்குப் பஞ்சு வெச்சுக்கோணும்" என்று. நாங்க நல்லா இருக்கறோம்னு போட வேண்டாமுங்களா என்று கேட்டேன். "இருக்கறோம்னு போட்டாப் போதும், எழுது" என்றார். அப்படியே எழுதிவிட்டேன்.

நம் மானாவாரி நிலம் மேட்டுக்காடு எப்படி இருக்குது என்று நீ கேட்கும்போதெல்லாம் அப்பா பேச்சை மாற்றிவிடுவார் அல்லவா, இன்றைக்குத்தான் முழுதும் எழுதச் சொல்லியிருக்கிறார். போன வருசம் சோளத்தை அடியோடு அறுத்துத் தட்டையெல்லாம் போர் போட்ட பிறகு, நம் ஆடும் ஊரார் ஆடும் ஒன்றாகப் புகுந்து மண்ணில் மிச்சமிருந்த அடிக்கட்டையைக்கூட விடாமல் கரம்பித் தின்றது உனக்குத் தெரியும். அறுத்த காட்டில் யார் ஆடும் இறங்கலாம் என்பது இந்த ஊர் வழக்கம், வேண்டாம் என்று சொன்னால் சொன்னவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதற்குப் பின்னால் வந்த கோடை மழையில் சரிவுப் பக்கம் மேல்மண் போய், இந்த வருசச் சோளம் அங்கே முழங்காலுக்கு மேல் வளரவே இல்லை, மஞ்சளாக நின்றது. பொங்கலுக்கு வந்த நீ அதைப் பார்த்துவிட்டு, "நம்ம காட்டுல மண்ணே ஒரு முழந்தானுங்கப்பா, அதுக்குக் கீழ கிராவல், அப்புறம் பாறை, நான் தெனமும் ஊரூரா ஓட்டை போட்டுப் பாக்கறேன், இந்த ஒரு முழம் போச்சுன்னா ஒண்ணுமே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். நீ போய்விட்டாய், அந்த ஒரு முழம் அப்பாவின் தலைக்குள் இறங்கிவிட்டது. இந்தத் தடவை அறுக்கும்போது ஆட்களிடம் முழ உயரத்துக்குக் கட்டையை விட்டு அறுக்கச் சொன்னார். காட்டின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு வேப்பங்கொத்துக் கட்டினார், இங்கே ஆடு விடக் கூடாது என்பதற்கு அடையாளம். போகிறவர் வருகிறவரெல்லாம், "என்னங்க சென்னியப்பண்ணா, கட்டைக்குக் கலியாணமா, தோரணமெல்லாம் பலமா இருக்குது" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மண்ணைப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று நிற்க வேண்டும் என்று அப்பா எங்களிடம் மட்டும் சொன்னார்.

ஆனால் அம்மாவிடம் அது செல்லுமா. ஆடு அவளுடைய இலாகா என்பது உனக்குத் தெரியும், மேச்சேரி ஆடு என்றால் அவளுக்கு நம் இரண்டு பேரைவிட ஒரு படி மேலே. "ஏனுங்க, கட்டையக் காட்டுல நிக்க வெச்சு அழகு பாக்கறதுக்கா சோளம் வெதச்சோம், தட்டுப்போர் பங்குனி தாண்டாது, அப்புறம் ஆட்டுக்கு என்னத்தைப் போடறதுங்க, உங்க துண்டையா?" என்று கேட்டாள். அவள் வாக்கு எப்படிப் பலித்தது என்பதைத்தான் மேலே அறிவித்திருக்கிறேன். வாரக்கணக்கில் இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள், உங்கப்பனச் சோறு திங்கச் சொல்லு, உங்கம்மாளத் தண்ணி வெக்கச் சொல்லு என்று நான் நடுவில் டவர் மாதிரி நின்றேன். கடைசியில் அப்பாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்டைக் காடு முழுக்க விட்டால்தானே கட்டை போகும், பட்டிக்குள் விட்டால்? பட்டி அடைக்கும் படல்களைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிவுக்குக் குறுக்காக ஒரு பாத்தி அளவுக்கு வளைத்துக் கட்டி, ஆட்டை அதற்குள் ஒரே ஒரு நாள் விடுவது. காய்ந்த தோகையையும் முளைத்த புல்லையும் தின்றுவிட்டு, கட்டையில் வாய் வைக்கத் தொடங்குவதற்குள் மறுநாள் படலைப் பிடுங்கி அடுத்த பாத்திக்கு மாற்றிவிட வேண்டும். ஆட்டுக்குத் தீவனம் ஆச்சு, காட்டுக்குப் புழுக்கை ஆச்சு, கட்டையும் நின்ற இடத்தில் நிற்கும். அம்மாவும் சரி என்றாள். அன்றைக்குத்தான் வீட்டில் எனக்கு டவர் வேலை போய்ப் புது வேலை கிடைத்தது, படல் மாற்றும் துறை அமைச்சர்.

என் ஆட்சியைப் பற்றி நானே சொல்வது நாகரிகம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படல், பரீட்சைக்கு முதல் நாளும் படல், சட்டையில் ஆட்டு வாசனை அடிக்கிறது என்று வகுப்பில் எனக்குத் தனி பெஞ்சு கிடைத்ததே இதனால்தான். நாள் தவறாமல் மாற்றினேன். மேலே இருந்து தொடங்கிச் சரிவுக்கு வருவதற்குள் சித்திரை பாதி ஆகிவிட்டது. அப்பா சாயங்காலம் காட்டுக்கு வந்து நிற்பார், கட்டை வரிசையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு பீடி பற்ற வைப்பார். அந்த மாதம் அவர் உன்னோடு போனில் பேசும்போது குரலே வேறு மாதிரி இருந்தது, நீகூட அம்மாவிடம் கேட்டாயாம், அப்பா நிலத்தில் புதையல் எடுத்தாரா என்று.

அந்தச் சமயத்தில்தான் மேட்டூர் அத்தை வீட்டுக் கலியாணம் வந்தது. நீ லீவு கிடைக்காமல் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் முன்கூட்டியே போய்ச் சீர் எல்லாம் செய்ய வேண்டியிருந்தது, ஆட்டை யாரிடமும் விட்டுப் போக முடியாது, அதனால் நான் தனியாளாக வீட்டையும் காட்டையும் பட்டியையும் பார்த்துக்கொண்டேன். அப்பா தினமும் போனில், "படல மாத்துனயா சாமி" என்று கேட்பார், மாத்திட்டேனுங்கப்பா என்பேன், "கெட்டிக்காரன்" என்பார். இந்த வீட்டில் என்னை அந்தச் சொல்லால் யாரும் அதற்கு முன் திட்டியதில்லை. அவர்கள் திரும்பி வந்து இறங்கிய அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது, நான் ஆட்டை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். மழை என்றால் மழையா அது, கூரைத் தகரத்தில் யாரோ கடலைக்காய் மூட்டையைக் கவிழ்த்த மாதிரி. விட்டதும் அப்பா செருப்புக்கூடப் போடாமல் மேட்டுக்காட்டுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். பட்டி இருந்த அந்தச் சரிவுப் பாத்தியில் படல் சாய்ந்து கிடந்தது, நடுவில் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாரியை, ஓடை மாதிரிப் பள்ளமாக, வெட்டிக்கொண்டு போயிருந்தது, அடியில் வெள்ளையாகக் கிராவல் தெரிந்தது. தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆட்டு நிறமும் மண் நிறமும் ஒன்றுதானே அண்ணா, பட்டி திறந்ததும் ஆடு எல்லாம் முட்டி மோதிக்கொண்டு இறங்குமே, அதே மாதிரி மண் செவேல் என்று ஏரியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பி வருகிற ஆடு இல்லை அது. கீழ்க்காட்டுக் காளியாத்தாள் அக்கா வரப்பில் நின்றுகொண்டு, "உங்க மண்ணு பாதி எங்க எள்ளுக்காட்டுலதான் படுத்திருக்குதுங்க, வேணுமின்னா கூடையில அள்ளிட்டுப் போங்க" என்று சிரித்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் அதுவும் நிறுத்திக்கொண்டது.

அப்பா அந்த வாரிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். "ஒரு நாளுடா. ஆடு ஒரே ஒரு நாள் நின்னதுக்கே இந்தக் கதின்னா, அப்புறம் என்ன வழி இருக்குது" என்றார். அதிலிருந்து அவர் கணக்கு இதுதான், இதை அப்படியே எழுதச் சொன்னார். ஆடு இறங்கினால் மண் நிற்காது. ஆடு இறங்காவிட்டால் எரு இல்லை, எரு இல்லாமல் அந்தக் காட்டில் ஒன்றும் விளையாது, ஆட்டுக்கும் தீவனம் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் முடிவு ஒன்றுதான். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவள் எதிர்த்துப் பேசாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வைகாசியிலிருந்து சந்தைக்கு ஒவ்வொன்றாக ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், போகும்போது அம்மா அதன் கழுத்துக் கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொள்கிறாள், வாங்கினவன் வேறு கயிறு கட்டிக்கொள்ளட்டும் என்கிறாள். பாதிப் பட்டி காலி. மேனேஜரையும் மீதியையும் ஆடி முடிவதற்குள் அனுப்பிவிடுவதாகப் பேச்சு. ஊரெல்லாம் உழவு ஓட்டுகிறார்கள், டிராக்டர்க்காரர் வாசலில் வந்து நின்று கேட்டார், அப்பா வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். போன வாரம் படலையெல்லாம் பிரித்து அடுப்புக்குப் போட ஆரம்பித்தார், அப்போது ஏறியதுதான் கையில் முள். சாயங்காலம் இப்போதும் காட்டுக்குப் போகிறார், மேலே ஏறுவதில்லை, வாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறார். நான் என்ன கோமாளித்தனம் செய்தாலும் பலிக்கவில்லை. நேற்று அவர் செருப்புக்குள் தவளையை விட்டேன், அதை எடுத்து வெளியில் விட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு திட்டுக்கூட இல்லை. திட்டு வாங்காமல் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது முக்கியமான விசயம், அப்பா இரண்டு தடவை சொல்லி எழுதச் சொன்னது. ராசிபுரம் ரோட்டில் மண் லாரி வைத்திருக்கும் சின்னராஜ் வந்து போனார். மண்தான் போய்விட்டதே, கீழே இருக்கும் கிராவலை நான் எடுத்துக்கொள்கிறேன், வீட்டுமனை சைட்டு போடுகிற இடத்துக்கெல்லாம் லாரியில் அடிக்கிறேன், உங்களுக்கும் தலைவலி விட்டது என்கிறார். ஆடியில் எதையும் தொடங்க வேண்டாம், ஆவணி பிறந்ததும் ஜேசிபியை இறக்கிவிடலாம் என்று பேசியிருக்கிறார்கள். அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை, உன் ஒரு வார்த்தைக்காகத்தான் நிற்கிறார். "கதிருக்கு நல்லாப் புரியற மாதிரி எழுது, கிராவல் எடுத்துப்போட்டா அது அப்புறம் காடு இல்ல, குழிதான். அது தெரிஞ்சுதான் கேக்கறேன். அவன் அங்க வெயில்ல நின்னு சம்பாரிச்சு அனுப்பறது இந்தக் காட்டுக்குன்னு நெனச்சா, இனிமே அப்படி நெனைக்க வேண்டாமுன்னு எழுது. என்னால முடியலை சாமின்னு எழுது" என்றார். எழுதச் சொன்னதால் எழுதினேன். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் எழுதுகிற சத்தம் நின்றதும், "எழுதிட்டயா" என்று கேட்டார். எழுதிட்டேனுங்க என்றேன்.

அம்மா எழுதச் சொன்னது. முறுக்கில் எள்ளு அதிகம் போட்டிருக்கிறாள், நமத்துப் போவதற்குள் தின்றுவிடு, கூட இருக்கும் பையன்களுக்கும் கொடு. வண்டிக்குக் கீழே படுத்துத் தூங்காதே, எத்தனை வெயிலாக இருந்தாலும் படுக்காதே. அங்கே மழைக்காலத்தில் பாம்பு அதிகம் என்று தண்டாயுதபாணி அண்ணன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு உறக்கம் இல்லை, டார்ச்சு இல்லாமல் ஒதுங்கப் போகக் கூடாது. மேட்டூரில் உனக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறாள், பெயர் சௌந்தர்யா, மற்ற விவரம் காடு ஒரு முடிவுக்கு வந்த பிறகு. காட்டைப் பற்றி அவள் கருத்து என்ன என்று கேட்டு எழுதட்டுமா என்றேன். "அவரு சொன்னதே போதும், உங்கண்ணனுக்கு நான் வேற தனியா அழுவோணுமா" என்றாள்.

காவடிக்குப் போனவர்கள் கொண்டுவந்த திருநீறு மடித்து வைத்திருக்கிறது, பூசிக்கொள். நம் குலசாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கையும் காலும் எந்த மிசினிலும் சிக்காமல் நீ முழுசாக வந்து சேர வேண்டும், அதற்கு மேல் எங்களுக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. ஆவணி பிறப்பதற்குள் டவுனுக்குப் போய்க் கூப்பிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் நலமே நினைக்கும் அப்பா சென்னியப்பன்,
அம்மா மலர்விழி.

அப்பா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார். இனிமேல் எழுதுவது அவர் சொன்னது இல்லை. அண்ணா, மேலே நாள் தவறாமல் மாற்றினேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அவர்கள் மேட்டூரில் இருந்தபோது நான் ஒரு நாள்கூடப் படலை மாற்றவில்லை. வற்றிக் கிடந்த ஏரிக்குள் கிரிக்கெட் டோர்னமெண்ட் நடந்தது, நான்தான் கீப்பர். முதல் நாள் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று போனேன். அப்புறம் ஒரு யோசனையும் வந்தது, பட்டி எத்தனை நாள் ஒரே இடத்தில் கிடக்கிறதோ அத்தனை நன்றாக விளையும் என்றுதானே ஊரில் எல்லாரும் கெஞ்சிக் கூப்பிட்டு ஆடு அடைக்கிறார்கள், அந்த மஞ்சள் சரிவில் நன்றாகப் புழுக்கை சேரட்டும், அடுத்த பயிர் கருகருவென்று வரும்போது அப்பாவிடம் சொல்லிப் பெயர் வாங்கலாம் என்று. இதைச் சொன்னால் நீ பாதி நம்புவாய், பாதிதான் உண்மை, மீதிப் பாதி கிரிக்கெட். கடைசி நாள் போய்ப் பார்த்தபோது ஒரு கட்டை இல்லை, எல்லாம் வேரோடு பிடுங்கித் தின்றாகிவிட்டது, குளம்பு பட்டு மண் மாவாக இருந்தது, கால் வைத்தால் புழுதி பறந்தது. அன்றைக்கும் போனில் மாத்திட்டேனுங்கப்பா என்றுதான் சொன்னேன். மறுநாள் மழை புழுக்கையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது, கலியாண அவசரத்தில் கிளம்பிய அப்பாவுக்கு அன்றைக்குப் பட்டி எந்தப் பாத்தியில் நின்றது என்று நினைவில்லை, அதனால் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே நாளுக்கா இந்தக் கதி என்று வாரிக்குள் இருந்து அப்பா என்னைப் பார்த்துக் கேட்டபோது நான் தலையை வேறு ஆட்டினேன். நேற்று மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒழுங்காக மாற்றிய பாத்தியெல்லாம் அப்படியே இருக்கிறது, கட்டை வரிசை ஒவ்வொன்றிலும் சருகு தேங்கி, அதற்கு மேல் பக்கம் விரல் கனத்துக்கு மண் படிந்திருக்கிறது, போகவே இல்லை. அப்பா அங்கே ஏறுவதே இல்லை, அவருக்குத் தெரியாது. நீயே அப்பாவிடம் போனில் சொல்லிவிடு என்று எழுதத்தான் இதைத் தொடங்கினேன், ஆனால் நீ எப்போது டவுனுக்கு வருவாயோ, ஜேசிபி அதற்கு முன்னால் வந்துவிட்டால் என்ன செய்வது. அமைச்சர் என்று வேறு எழுதிக்கொண்டேன், அதை அடித்துவிட்டால் பேப்பர் அசிங்கமாகும், அப்படியே இருக்கட்டும். தண்ணீர் வாளி வைக்கிற சத்தம் கேட்கிறது. வந்ததும், எழுதினதைப் படிச்சுக் காட்டு சாமி என்பார். படிக்கத்தான் போகிறேன், மேலிருந்து தொடங்குவதா இந்தப் பத்தியிலிருந்து தொடங்குவதா என்றுதான் தெரியவில்லை.